உயிர்ப் பாகுபாடும் சமூகப் பாகுபாடும்: தொல்காப்பிய மரபியலை முன்வைத்து ஒரு விமரிசன நோக்கு

1

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களை அவற்றின் அறிவின் அடிப்படையில் ஆறு வகையாகப் பகுத்துரைக்கின்றது. இப்பாகுபாடு தமிழ் மேடைகளிலும் மலர்க் கட்டுரைகளிலும் பெரிதும் எடுத்தாளப்படுவது. அவ்வாறு எடுத்தாள்வோருட் பலர் இதனை இக்கால உயிரியலின் முன்னோடி என்பர். சிலர் ஒருபடி மேற்சென்று, டார்வினுக்குப் பன்னூறாண்டு முன்னரே தமிழர் கூர்ப்புக் கொள்கையைக் கண்டறிந்தனர் என்றும் முடிவுகட்டுவர். மறுபுறத்தே, விஞ்ஞானப் பயிற்சி பெற்றோரிடையே இதனைப் பண்டைக்கால மக்களின் பேதைமை எனப் புறந்தள்ளும் போக்கும் உண்டு.

ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு நிலைப்பாடுகளும் ஒரே தவற்றிலிருந்து பிறப்பவை. மரபியலின் பாகுபாடு எந்த வினாவுக்கு விடையாக எழுந்தது என்பதை இரு சாராரும் கேட்பதில்லை. இக்கால உயிரியலின் வினாவை அதன்மீது ஏற்றிவிட்டு, ஒரு சாரார் அது தேறியது என்பர். மற்றச் சாரார் தேறவில்லை என்பர். வகைப்பாடு எதுவாயினும் அது ஒரு தேவையிலிருந்தே தோன்றுகின்றது. மருத்துவன் மூலிகைகளை நோய்க்கேற்பவும், தச்சன் மரங்களை வைரத்துக்கேற்பவும், மீனவன் மீன்களைப் பருவத்துக்கும் வலைக்கும் ஏற்பவும் பகுப்பான். இவற்றுள் எதுவும் பொய்யன்று, எதுவும் முழுமையுமன்று. எனவே மரபியலின் வினா யாது, அவ்வினாவை எழுப்பிய சமூகம் யாது என்பனவே ஆய்வாளன் முதலிற் கேட்க வேண்டியவை. இக்கட்டுரை அவ்வழியிற் சில எண்ணங்களை முன்வைக்கின்றது.

2

மரபியலின் செய்தியை முதலிற் சுருக்கிக் கூறலாம். புல்லும் மரமும் ஓரறிவுடையன. அவை தொடுகையால் மட்டுமே உணர்வன. நந்தும் முரளும், அதாவது நத்தை, சிப்பி முதலியன, தொடுகையோடு சுவையும் பெற்று ஈரறிவின. சிதலும் எறும்பும் மோப்பத்தையுஞ் சேர்த்து மூவறிவின. நண்டும் தும்பியும் கண்ணறிவு கூடி நாலறிவின. மாவும் மாக்களும் செவியறிவோடு ஐயறிவின. மக்கள் மனம் என்னும் ஆறாவதையும் பெற்றோர். ஒவ்வொரு வகையிலும் அதே கிளையைச் சேர்ந்த பிற உயிர்களும் உள எனக் கூறி, நூலாசிரியர் பட்டியலைத் திறந்தே வைக்கின்றார்.

ஆயினும் மரபியல் இப்பாகுபாட்டோடு தொடங்கவுமில்லை, முடியவுமில்லை. அது இளமைப் பெயர்களோடு தொடங்குகின்றது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது பெயர்களை எண்ணி, எவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர் உரியது என வரையறுக்கின்றது. களிறு, கலை, சேவல், போத்து, கடுவன் முதலிய ஆண்பாற் பெயர்களும், பிடி, பிணை, பேடை, மந்தி, நாகு முதலிய பெண்பாற் பெயர்களும் அவ்வாறே வகுக்கப்படுகின்றன. யானையின் ஆணைக் களிறு எனலாம். குரங்கின் ஆணை அவ்வாறு கூறல் மரபன்று. செய்யுள் செய்வோனும் உரையாடுவோனும் எச்சொல்லை எப்பொருளுக்கு ஆளவேண்டும் என்பதே இவ்வியலின் தலையாய கவலை.

ஆகவே மரபியலின் வினா சொல்வழக்குப் பற்றியது. அது விலங்கியலாளனின் வினா அன்று, இலக்கணகாரனின் வினா. இதனை மறந்து அறுவகை உயிர் பற்றிய சில நூற்பாக்களை மட்டும் பிரித்தெடுப்பது, வீட்டின் ஒரு தூணைப் பெயர்த்துவந்து அதுவே வீடு எனக் காட்டுவதற்கு ஒப்பாகும்.

3

இலக்கணகாரனின் வினாவாயினும் அதற்கு அடிப்படையாக நுண்ணிய அவதானிப்பு இருந்தது என்பதை மறுத்தல் கூடாது. இதற்குச் சிறந்த சான்று புல், மரம் என்னும் பாகுபாடு. புறத்தே காழ் உடையன புல் எனவும், அகத்தே காழ் உடையன மரம் எனவும் மரபியல் கூறுகின்றது. காழ் என்பது வைரம். இதன்படி பனையும் தென்னையும் மரமல்ல. மூங்கிலைப் போலப் புல்லினத்தைச் சேர்ந்தவை. யாழ்ப்பாணத்திலே கூரைக்குப் பனஞ்சிலாகை அறுக்குந் தொழிலாளி எவரும் இந்த உண்மையை அறிவார். பனையின் வைரம் வெளிப்புறத்தே இருப்பது, உள்ளே இருப்பது மென்மையான சோற்றி. வேம்பிலோ பாலையிலோ வைரம் உள்ளே இருக்கும்.

இக்காலத் தாவரவியல் இதற்குக் காரணங் கூறும். பனை ஒருவித்திலையி. அதன் தண்டிலே கலன்கட்டுகள் சிதறிக் கிடந்து, ஓரத்தை அண்டியே நெருங்கிச் செறிந்துள்ளன. ஆண்டுதோறும் புதிய வைரத்தை ஈட்டும் மாறிழையம் அதற்கு இல்லை. இருவித்திலையி மரங்களிலே மாறிழையம் தொழிற்படுவதால் பழைய வைரம் நடுவிலே சேர்கின்றது. பனையும் நெல்லும் ஒருவித்திலையிகள் என்ற வகையில், வேம்பிலும் பார்க்கத் தம்முள் நெருங்கிய உறவுடையன. இங்கு பழைய பாகுபாடும் புதிய பாகுபாடும் பெரும்பாலும் ஒத்துச் செல்கின்றன. ஒத்துச் செல்வதற்குக் காரணம் தெய்வீக ஞானமன்று. மரத்தை வெட்டி, அறுத்து, பயன்கொண்ட உழைப்பாளரின் அனுபவ அறிவே அது. இலக்கண நூல் அதனைப் பதிவு செய்துள்ளது.

ஆனால் மூவறிவுயிர்களை நோக்கின் நிலைமை வேறாகின்றது. சிதலும் எறும்பும் ஒருங்கே வைக்கப்படுகின்றன. இரண்டும் கூட்டமாக வாழ்வன, மண்ணிலே ஊர்வன, மோப்பத்தின் வழிச் செல்வன என்பதால் இப்பிணைப்பு இயல்பாகவே தோன்றும். எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வது அவை இட்டுச்செல்லும் இரசாயனப் பொருளின் வாசனையைப் பற்றியே என இன்று அறிகின்றோம். அவ்வளவில் மூவறிவு என்ற அவதானிப்புப் பாராட்டத்தக்கதே. எனினும் பிறப்புறவு என்னும் அளவுகோலால் நோக்கின், எறும்பு தேனீக்கும் குளவிக்கும் உறவு. சிதலாகிய கறையானோ கரப்பானின் கிளையிலே தோன்றியது; 2007ஆம் ஆண்டு வெளிவந்த மூலக்கூற்று ஆய்வு இதனை உறுதிப்படுத்திற்று. தும்பியை உரைகாரர் வழிநின்று வண்டினமாகக் கொண்டு, தேனீயையும் அதனுள் அடக்கினால், நெருங்கிய உறவினவாகிய எறும்பையும் தேனீயையும் மரபியல் வேறு வேறு படிகளிலே நிறுத்துகின்றது. உறவு குறைந்த எறும்பையும் கறையானையும் ஒரே படியிலே நிறுத்துகின்றது.

இது மரபியலின் பிழையன்று. அது பிறப்புறவைத் தேடவேயில்லை. உயிர் ஒன்றை அடுத்து மற்றொன்று எவ்வளவு அறிகின்றது என்பதையே அது தேடிற்று. அறிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்லும் அப்படிவரிசையிலே ஓருயிர் மற்றோருயிராக மாறிற்று என்ற கருத்துக்கு இடமில்லை. அங்ஙனமாகவும் அதிலே கூர்ப்புக் கொள்கையைக் காண்பவர்கள் நூலில் இல்லாததை நூலுக்கு வழங்குகின்றனர். அவ்வாறு வழங்குவதால் நூலிலே உள்ளதையும் இழக்கின்றனர்.

இப்படிவரிசை தமிழுக்கு மட்டும் உரியதுமன்று. சமண தத்துவ நூலாகிய உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்திலே புழு, எறும்பு, வண்டு, மனிதர் எனப் பொறிகள் ஒவ்வொன்றாக ஏறிச்செல்லும் வரிசை காணப்படுகின்றது. சமணராகிய பவணந்தியின் நன்னூல் இதே முறையைப் பின்பற்றி ஐயறிவோடு நின்றுவிடுகின்றது. அங்கு தேவர், மக்கள், நரகர், விலங்கு, புள் யாவரும் ஐயறிவினரே. தொல்காப்பியத்திலே மனிதனுக்கெனத் தனியே அமைந்த ஆறாம் படி நன்னூலிலே இல்லை. ஒரே மொழியின் இரு பேரிலக்கணங்கள் மனிதனை வைக்கும் இடம் பற்றி வேறுபடுகின்றன. வகைப்பாடு என்பது இயற்கையிலே எழுதப்பட்டிருந்து படிக்கப்படுவதன்று. நோக்கோடு ஆக்கப்படுவது என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4

இனி, மரபியலைப் போற்றுவோர் பெரும்பாலும் பேசாது விடும் பகுதிக்கு வருவோம். ஐயறிவுடையனவாக மாவோடு மாக்களும் கூறப்படுகின்றனர். மாக்கள் யாவர்? மனவறிவு நிரம்பாத மாந்தர் என்பது உரைவழிப்பட்ட பொருள். அதாவது உயிர்களின் பாகுபாட்டினுள்ளேயே மனிதரின் ஒரு பகுதியினர் விலங்கோடு சேர்த்து எண்ணப்படுகின்றனர். மாக்கள் என்ற சொல் எங்கும் இழிவு குறித்து வந்ததன்று. எனினும் சங்கச் செய்யுள்களிலே இரவலரையும் பரதவரையும் சுட்டவும் அது வழங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது. மனத்தை உடையார், மனத்தை உடையாரல்லர் என்ற பிரிவு கண்ணாலும் மூக்காலும் அறியப்படும் பிரிவன்று. அதைத் தீர்மானிப்பவர் யாவர் என்ற வினா அங்கே எழுகின்றது. வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என அவ்வியலே விடையும் கூறுகின்றது.

இவ்விடத்தில் ஒரு சுவையான முரண்பாட்டையும் குறிப்பிடல் வேண்டும். இளம்பூரணரின் பாடத்திலே விலங்குகளுள் ஒருசாரனவும் ஆறறிவினுள் அடங்கும் எனப்படுகின்றது. கிளி, குரங்கு, யானை முதலியவற்றை உரை சுட்டுகின்றது. ஆகவே எல்லை இருபுறமும் நெகிழ்கின்றது. மனிதருட் சிலர் கீழே இறங்குகின்றனர். விலங்குகளுட் சில மேலே ஏறுகின்றன. இந்நெகிழ்வை மனிதாபிமானம் என்று மட்டும் கொள்வதா, மனிதரைப் படிநிலைப்படுத்தும் கருத்தின் விளைவு என்று கொள்வதா என்பது சிந்திக்கற்பாலது. இரண்டும் கலந்தே உள்ளன என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இதனோடு மற்றொன்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். அந்தணர், அரசர், வைசிகர், வேளாண் மாந்தர் என்னும் நால்வகையினர்க்கும் உரியன இவை இவை என வரையறுக்கும் நூற்பாக்களும் மரபியலிலேயே உள்ளன. அவை முடிந்ததும் புல், மரம் பற்றிய நூற்பாக்கள் தொடர்கின்றன. அந்தணர்க்கு நூலும் கரகமும் உரியவாதல் போலப் பனைக்கு ஓலையும் பாளையும் உரிய. வேளாளர்க்கு உழவு உரியதாதல் போல மரத்துக்கு இலையும் தளிரும் உரிய. நால்வகை மாந்தர் பற்றிய பகுதி பிற்காலச் சேர்க்கை எனக் கருதும் அறிஞர் உளர். அக்கருத்து உண்மையாயினும், அப்பகுதியைச் சேர்த்தவருக்கு இவ்விடமே பொருத்தமாகத் தோன்றியதன் காரணத்தை நாம் கேட்காமலிருக்க முடியாது. பனைக்கு ஓலை இயல்பாதல் போலச் சிலர்க்கு ஏவலும் சிலர்க்குப் பணியும் இயல்பு எனக் காட்டுவதற்கு, இயற்கைப் பொருள்களின் மரபை உரைக்கும் இயலைவிட ஏற்ற இடம் வேறில்லை.

5

இது தமிழ்ச் சமூகத்துக்கு மட்டும் உரிய குறைபாடு எனக் கொள்வது வரலாற்றுக்கு மாறானது. 1903இல் டுர்க்ஹைம், மோஸ் என்னும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் இருவரும் தொன்மையான வகைப்பாடுகளை ஆராய்ந்து, பொருள்களின் பாகுபாடு மனிதக் குழுக்களின் பாகுபாட்டைப் பின்பற்றியே அமைந்தது என வாதித்தனர். இக்கால உயிரியலின் இலத்தீன் கலைச்சொற்களே இதற்குச் சான்று பகரும். றெக்னம் என்பது அரசு. கிளாசிஸ் என்பது உரோமக் குடிமக்களைச் சொத்தின்படி பகுத்த பிரிவு. ஓர்டோ என்பது செனற்றரும் குதிரைவீரரும் அடங்கிய சமூக நிலை. ஃபமிலியா என்பது அடிமைகளையும் உள்ளடக்கிய மனை. ஜீனஸ் என்பது குலம்.

இச்சொற்களுட் பெரும்பாலானவற்றை முறைப்படுத்தியவர் சுவீடன் நாட்டவரான லின்னேயஸ். அவரது இயற்கை ஒழுங்கு பற்றிய நூல் 1735இல் முதன்முதல் வெளிவந்தது. அவருக்கும் இலங்கைக்கும் நேரடியான தொடர்பு உண்டு. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1670களில் இங்கு பணியாற்றிய போல் ஹேர்மன் திரட்டி உலர்த்திய தாவரங்கள், பல கைகள் மாறிக் கொப்பன்ஹேகன் நகரின் அரச மருந்தாளர் ஒருவரிடம் இருந்தன. அவர் அவற்றை லின்னேயஸுக்கு அனுப்பினார். இலங்கையைக் கண்ணாலுங் காணாத லின்னேயஸ் அவற்றைக்கொண்டே 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அத்தொகுதி இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளது. ஹேர்மன் உள்ளூர்ப் பெயர்களையும் குறித்துவைத்தார். பெயர் குறிக்கப்பட்டதெனின் அதனைச் சொன்ன ஒருவர் இருந்திருத்தல் வேண்டும். அச்சொன்னவரின் பெயர் நூலின் தலைப்பிலே இல்லை. கறுவாவும் மிளகும் கப்பலேறியதைப் போலவே அறிவும் கப்பலேறியது.

தாவரங்களைக் கேசரங்களின் எண்ணிக்கையால் 24 வகுப்புகளாகப் பகுத்த லின்னேயஸ், மனிதனைக் குரங்கோடு ஒரே வருணத்திலே வைத்தார். மதபீடத்தின் கருத்துக்கு எதிரான துணிவு அது. அதே லின்னேயஸ் 1758ஆம் ஆண்டுப் பதிப்பிலே மனிதரை அமெரிக்கர், ஐரோப்பியர், ஆசியர், ஆபிரிக்கர் என நான்காகப் பகுத்து, நிறத்தோடு குணத்தையும் ஆட்சிமுறையையும் சேர்த்துக் கூறினார். ஐரோப்பியர் சட்டத்தாலும், அமெரிக்கப் பழங்குடியினர் வழக்கத்தாலும், ஆசியர் அபிப்பிராயத்தாலும், ஆபிரிக்கர் மனம்போன போக்காலும் ஆளப்படுவர் என்றார். அடிமை வாணிகம் தழைத்த நூற்றாண்டிலே இப்பாகுபாடு எழுந்தது தற்செயலன்று. மரபியலிலே நால்வகை மாந்தர் இருந்தது போல லின்னேயஸின் நூலிலும் நால்வகை மாந்தர் இருந்தனர்.

1859இல் டார்வின் வகைப்பாட்டின் வினாவையே மாற்றினார். உயிர்களின் ஒற்றுமைக்குக் காரணம் பொதுவான மூதாதையரே என்றும், உண்மையான வகைப்பாடு வமிசாவளியாகவே அமைய வேண்டும் என்றும் அவர் காட்டினார். அவரது நூலிலே உள்ள ஒரேயொரு விளக்கப்படம் கிளைத்துப் பரவும் மரவடிவமானது. ஏணியிலே மேற்படியும் கீழ்ப்படியும் உண்டு. மரத்திலே நுனிகள் மட்டுமே உண்டு. இன்று வாழும் எறும்பும் மனிதனும் ஒரே காலத்தில் நிற்கும் இரு நுனிகள். எனினும் டார்வினைப் படித்த மார்க்ஸ், 1862இல் எங்கெல்ஸுக்கு எழுதிய கடிதமொன்றிலே, ஆங்கிலேயச் சமூகத்தின் போட்டியையும் தொழிற் பிரிவையும் டார்வின் விலங்குலகிலே காண்கின்றார் எனச் சுட்டிக்காட்டினார். எங்கெல்ஸ் 1875இல் இதனை மேலும் விளக்கினார்: சமூகத்திலிருந்து ஒரு கருத்தை இயற்கைக்குக் கொண்டுசென்று, பின் அங்கிருந்து அதையே சமூகத்துக்கு மீட்டுவந்து, இது இயற்கையின் நியதி என நிறுவுவது ஒரு செப்படி வித்தை என்பது அவர் கருத்தின் சாரம். ஹெக்கல் இதனை மெய்ப்பித்தார். 1866இல் நுண்ணுயிர்களுக்கெனத் தனி இராச்சியம் கண்ட அதே அறிஞர், பின்னர் மனிதக் குழுக்களை மரத்திலே ஏற்றி உயர்வு தாழ்வு கற்பித்தார். மரத்தையும் ஏணியாக்கலாம் என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி இவ்வேணியைப் பெரிதும் தகர்த்தது. ஹெனிக் 1950இல் வகுத்த முறைப்படி, ஒரு மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் யாவும் அடங்கியதே உண்மையான கூட்டம். இதன்படி பறவைகளை விலக்கிய ஊர்வன என்னும் வகுப்பு நில்லாது; முதலைக்குப் பல்லியைவிடப் பறவையே நெருங்கிய உறவு. 1969இல் விற்றேக்கர் ஐந்து இராச்சியங்களை வகுத்தார். 1977இல் வூசும் பொக்சும் இறைபோசோம் அமிலங்களை ஒப்பிட்டு, பற்றீரியாவென எண்ணப்பட்டவற்றுள் முற்றிலும் வேறான ஆக்கியா என்னுங் கூட்டம் உண்டெனக் கண்டனர். 1990இல் மூன்று பேரிராச்சியங்கள் முன்மொழியப்பட்டன. புல்லும் மரமும் மாவும் மக்களும் இவற்றுள் ஒன்றின் சில கிளைகளிலே அடங்கிவிடுகின்றன.

6

இறுதியாக, நமது பாடநூல்களை நோக்குவோம். இலங்கையிலே தமிழ்மொழி மூலம் உயிரியல் கற்கும் மாணவன் இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்ற வரிசையை மனனஞ் செய்கின்றான். தமிழகத்திலே பேரினம், சிற்றினம் எனப்படுவன இங்கு முறையே சாதி, இனம் எனப்படுகின்றன. சாதி என்பது தருக்க நூல்களிலே பொதுமையைக் குறித்த சொல். மரபியலும் நீர்வாழ் சாதி என்றே பேசுகின்றது. எனவே கலைச்சொல் ஆக்கியோரைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் வகுப்பறையிலே வருணம், சாதி, இனம் என்னும் மூன்று சொற்களையும் ஒருங்கே கேட்கும் மாணவன், வீதியிலே அச்சொற்கள் எதைக் குறிக்கின்றன என்பதையும் அறிவான். கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் சாதியின் பொருளை அவன் கண்டிருக்கின்றான். இனம் என்ற சொல்லின் பெயரால் இந்நாட்டிலே சிந்திய இரத்தத்தையும் அவன் அறிவான்.

சொற்களை மாற்றிவிடுவதால் மட்டும் இது தீராது. அச்சொற்களின் பயணத்தை மாணவனுக்கு உணர்த்துவதே ஆசிரியரின் கடமை. உயிரியலிலே சாதி மாறாததன்று. புதிய சான்று கிடைத்தவுடன் ஓரினம் ஒரு சாதியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படுகின்றது. வருணங்கள் கலைக்கப்படுகின்றன; கறையான்களுக்கென இருந்த தனி வருணம் கரப்பானின் வருணத்துள் அடங்கிற்று. உயிரியலின் பொருளிலே மனிதகுலம் முழுவதும் ஓர் இனமே. லெவொன்ரின் 1972இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதரிடையேயுள்ள பரம்பரையலகு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒவ்வொரு மக்கட் கூட்டத்தின் உள்ளேயே காணப்படுகின்றது.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மனிதர் யாவரும் ஓரினம் என உயிரியல் கூறுவதால், ஒடுக்கப்படும் மக்களின் கோரிக்கைகள் பொருளற்றன எனச் சொல்வோரும் உளர். அதுவும் அதே செப்படி வித்தையே, திசைதான் வேறு. மொழியும் நிலமும் வரலாறும் கொண்ட மக்கட் கூட்டங்கள் சமூக உண்மைகள். அவற்றின் உரிமைகளை உயிரியல் வழங்கவுமில்லை; உயிரியலாற் பறிக்கவும் முடியாது. சமூகத்தின் வினாக்களுக்குச் சமூகத்திலேயே விடை காணுதல் வேண்டும்.

மரபியலை நாம் எவ்வாறு கற்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகின்றது. பனையின் வைரம் புறத்தே உள்ளது எனக் கண்ட உழைப்பாளரின் அறிவை அதிலே போற்றுவோம். மாவோடு மாக்களை நிறுத்திய உயர்ந்தோரின் வழக்கை அதிலே இனங்கண்டு மறுப்போம். இவ்விரண்டும் ஒரே இயலிலே அருகருகே உள்ளன. ஒன்றை மட்டும் படிப்பவர் தொல்காப்பியத்தை முழுமையாகக் கற்றவராகார்.